சோபாவுக்குக் குளியல் ஆகாது

மயிலாப்பூர்,
9-2-1941

கண்மணி சகினாவுக்கு உன் அத்தாவின் சலாம். இறைவன் காவலில் இங்கே எல்லோரும் சுகம், ஒரு சோபாவைத் தவிர. கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

புதுச் சோபாவில் பேரன் பாலைக் கொட்டிவிட்டான், தண்ணீர் விட்டுக் கழுவலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் தாயே, வேண்டவே வேண்டாம். உலர்ந்த துணியால் ஒற்றியெடு. சோப்பை நுரைக்க அடித்து, நுரையை மட்டும் எடுத்து மேலாகத் துடை. நன்றாகப் பிழிந்த துணியால் அதை வழித்துவிட்டுக் காற்றாட விடு. முதலில் பின்பக்க ஓரத்தில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்.

இங்கே உன் தங்கை ஜஹனாராவின் சம்பந்தமே தண்ணீரால் அந்தரத்தில் தொங்கியது. பெரியமேட்டுத் தோல் வியாபாரி ஷரஃபுதீன் சாயபு தம் மகனுக்கு அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னதும், கௌரவத்துக்காக ஆழ்வார்பேட்டை வக்கீல் சுவாமிநாதனிடம் சிவப்பு வெல்வெட் சோபாவை இரவல் வாங்கி வந்தேன். வந்த அன்றே பக்கத்து வீட்டுக் குழந்தை அதில் ஒன்றுக்குப் போய்விட்டது. உன் அம்மா சும்மா இருப்பாளா, மூணு தரம் தண்ணி ஊத்தினாத்தான் சுத்தம் என்று குடத்தோடு கவிழ்த்துவிட்டாள். வண்டிக்கார வேலு, பெட்ரோல் போட்டுத் தொடச்சா ஒடனே காஞ்சிடும் நைனா என்றான். வாயில் பீடி புகைய இப்படி ஒரு யோசனை! விரட்டிவிட்டேன்.

மறுநாள் தொட்டுப் பார்த்தால் மேலே காய்ந்திருந்தது. உள்ளே தேங்காய் நார் குடித்து வைத்திருந்ததை யார் கண்டது? சாயபு நல்ல கனம். உட்கார்ந்ததுமே முகம் மாறியது, ஆனால் எழவில்லை. கீழே சாப்பாட்டுத் துணியான தஸ்தர்கான் விரித்துச் சாப்பிட அழைத்தேன். இங்கேயே இருக்கட்டும் என்று தட்டை மடியில் வாங்கிக்கொண்டார். நம் சோபா அவ்வளவு பிடித்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். கடைசியில் வேறு வழியில்லாமல் எழுந்து திரும்பினார். வெள்ளை ஷெர்வானியின் பின்புறம் முழுக்கச் சிவப்பு. திரைக்குப் பின்னால் ஜஹனாரா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். உன் அம்மா பதறிப்போய், அது சுத்தமான தண்ணிதாங்க, மூணு தரம் ஊத்தினேன் என்று உள்ளிருந்தே சமாதானம் சொன்னாள். எல்லாம் போச்சு என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

அப்போது உள்ளே இன்னொரு சிரிப்பு, சாயபுவின் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மாள் சொன்னாளாம், கல்யாணமான நாளா இவரப் பாத்துச் சிரிக்க எங்க வூட்ல ஒருத்தருக்கும் தைரியம் கெடயாது, எனக்கு இந்தப் பொண்ணுதான் வோணும் என்று. சாயபுவும் சரியென்று தலையை ஆட்டிவிட்டார்.

மீலாது கழிந்து நிக்காஹ். வக்கீலிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீ முன்னதாகவே வந்து சேர். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். வருகிறவர்கள் உட்கார இந்தத் தடவை பாய்தான்.

உன் அன்புள்ள அத்தா,
ஹனீஃபா