படுத்திருக்கும் எஞ்சினைப் பற்றி நான் பேசியது

மார்ச் 4, செவ்வாய்

கிளட்ச் மாற்றிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு அடுத்த வாரச் சனிக்கிழமை ஒரு வகுப்பாம். "பாக்ஸர் எஞ்சினைப் பத்தி நீதாம்மா பேசணும். உன் அளவுக்கு அதைக் கழட்டி மாட்டினவங்க இங்க யாரு இருக்கா?"

கழற்றி மாட்ட வரும். பேச? சொந்தப் பெயரைச் சொல்லவே எனக்குத் திக்கும். மற்ற சொல்லென்றால் சுலபமாக வரும் வேறொன்றை மாற்றிப் போட்டுத் தப்பித்துவிடுவேன். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 7

முடியாது என்று சொல்ல முதலாளி அறைக்குப் போனேன். 'மு' வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தினார். "முதல்ல எனக்குச் சொல்லு. கார்ல எனக்குத் தெரிஞ்சது ஹாரன் மட்டும்தான்."

துணி வெட்டும் மேசையில் இரண்டு நூல்கண்டுகளை எதிரெதிராகப் படுக்க வைத்தேன். பெரும்பாலான எஞ்சின்களில் பிஸ்டன்கள் நின்றபடி மேலும் கீழும் ஓடும். இதில் படுத்தபடி, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். எதிரெதிர் ஜோடி ஒன்றாக வெளியே போகும், ஒன்றாக உள்ளே வரும், குத்துச்சண்டைக்காரர் இரு கையுறைகளையும் மோதிப் பார்ப்பதைப் போல. ஒன்றின் உதறலை மற்றது அடக்கிவிடும்.

"ரெண்டும் நடுவுல வந்து இடிச்சுக்காதா?"

நல்ல கேள்வி! இடிக்காது, நடுவில் சுழலும் கிராங்க் தண்டில் ஒவ்வொன்றுக்கும் தனி வளைவு, ஒன்றுக்கொன்று நேர் எதிராக.

சொல்லி முடிக்க அரை மணி நேரம். 'பி'யில் மாட்டிக்கொண்டபோதெல்லாம் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட என் சொல்லை அவர் முடித்து வைத்ததில்லை. இன்றுதான் அது உறைத்தது.

மார்ச் 15, சனி

பதினான்கு பேர். இரண்டாவது வாக்கியத்திலேயே பி... பி... முன்வரிசைக்காரர் "பிஸ்டனா?" என்றார். யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. அப்படியே ஓடிவிடலாமா —

"எனக்குத் தி... திக்கும். நானே சொல்லிடுறேன். கொஞ்சம் இருங்க."

முப்பத்தெட்டு வயதில் இதை முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். இருந்தார்கள். ஒருவர்கூட அசையவில்லை.

எஞ்சின் தாழ்வாக உட்காருவதால் வளைவில் கார் அவ்வளவாகச் சாயாது என்றேன். ஆனால் ஸ்பார்க் பிளக் ஓரமாக ஒளிந்திருக்கும், அதை மாற்றுவதற்குள் எங்கள் உயிர் போய்விடும் என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முன்வரிசைக்காரர் கேட்டார்: "அப்ப ஏன் எல்லாக் கார்லயும் இதை வைக்கல?"

அகலம் அதிகம், செலவும் அதிகம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

மார்ச் 16

தொண்டை வலி. இருக்கட்டும்.

ஏப்ரல் 2, புதன்

வகுப்புக்கு வந்திருந்த பல் டாக்டர் காரோடு வந்தார், ஆயில் கசிவு. "இடது பக்கத்துலேர்ந்துதானே வருது?" என்று அவரே குனிந்து காட்டினார். சரியாகவே காட்டினார்! பத்து நிமிடம் பேசினோம். பிஸ்டன், கேஸ்கெட், கிராங்க் — எல்லாவற்றிலும் திக்கினேன்.

கை கழுவும்போதுதான் தோன்றியது. சுலபமாக வருமே என்று ஒரு சொல்லைக்கூட நான் மாற்றிப் போடவில்லை.