வருஷம் மட்டும் தவறு

கெட்டில் ஏரி, விஸ்கான்சின்
பிப்ரவரி 9

ஆர்லனுக்கு கோன்ராட் எழுதிக்கொள்வது.

நலமா என்று முதல் வரியிலேயே கேட்டு முடித்துவிடுவது வழக்கம். இந்தக் கடிதத்தில் அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அங்கே வந்து சேரும்போது, வெறும் மரியாதைக்குக் கேட்டதல்ல என்று உனக்கே தெரியும்.

நான் எழுதுவது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். அரிசோனாவில் டூசானுக்குப் போன புதிதில் நீ எனக்குக் கள்ளிச்செடிப் படம் போட்ட அட்டை ஒன்று அனுப்பினாய். "இங்கே பனி அள்ள வேண்டியதில்லை" என்று ஒரே வரி. நான் பதில் போடவில்லை. பல வருஷம் ஒரே கூரையின் கீழ் என்னோடு வரிக்கணக்குப் பார்த்தவன், ஊரை விட்டுப் போகப்போவதை என்னிடம் சொல்லும் முன் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போட்டுச் சொன்னால், அவனுக்கு என்ன பதில் போடுவது? தபாலிலேயே கணக்குப் பார்த்துத் தருகிறேன் என்றாய். விவசாயிகள், கடைக்காரர்கள், வாத்தியார்கள் எல்லோரும் உன்னோடே போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியது விவாகரத்துக் கேஸ்களும், எல்லா ரசீதையும் ஷூ டப்பாவில் போட்டுக்கொண்டு வருகிறவர்களும்தான். கண்ணாடிக் கதவிலிருந்து உன் பெயரைச் சுரண்டி எடுத்த கூலியையும் நான்தான் கொடுத்தேன். இதையெல்லாம் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியதல்ல. அதை இதோடு கலக்காமல் படி.

ஜனவரிக் கடைசியில் புழுக்கடைக்காரி என்னிடம் வந்தாள். பெயர் எழுதப்போவதில்லை. வாடிக்கையாளர் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்ற நம் வழக்கம் கடிதத்துக்கும் பொருந்தும். யாரென்று உனக்குத் தெரியும். படகுத்துறைக்குப் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தூண்டில் புழு விற்றவர்கள். அந்த ஆளோடு நீயும் உறைந்த ஏரியில் துளை போட்டு, தகரக் குடிசைக்குள் உட்கார்ந்து, ஒரு மீனும் இல்லாமல் பிராந்தி வாசனையோடு திரும்பி வந்திருக்கிறாய்.

இந்த வருஷக் காகிதங்களை உனக்கு அனுப்பிவிட்டாளாம். பலமுறை போனில் கூப்பிட்டும் நீ எடுக்கவில்லையாம். "எப்பவும் அவன்கிட்டதான் குடுப்பேன். வேற வழியில்லாமத்தான் உன்கிட்ட வந்தேன் கோன்ராட்" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, என் மேஜையிலிருந்த மிட்டாயையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வேறு வழியில்லாதவர்கள்தான் எனக்கு எப்போதும் வாய்க்கிறார்கள். பழகிவிட்டது.

புதிதாக ஒருவர் வந்தால் முந்தைய மூன்று வருஷக் கணக்கையும் புரட்டிப் பார்ப்பது நாம் இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட பழக்கம். பார்த்தேன். புருஷன் இறந்த சில மாதத்தில் அவள் கடையையும் கரையோர நிலத்தையும் சிக்காகோக்காரனுக்கு விற்றிருக்கிறாள். அந்த வருஷக் கணக்கு நீ போட்டது. கீழே உன் கையெழுத்து.

அந்த விதியை உனக்கு நான் சொல்வது கேலிக்கூத்து. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்று பிறகு சொல்கிறேன். கணவன் மனைவியில் ஒருவர் இறந்தால், விற்ற லாபத்தைக் கணக்கிட, அவர்களுடைய சொத்தை வாங்கிய பழைய விலை செல்லாது. இறந்த அன்று அது என்ன விலை போகுமோ அதுதான் புது விலை. நம் மாநிலத்தில் இருவருக்கும் பொதுவான சொத்து என்றால் இறந்தவர் பாதிக்கு மட்டுமல்ல, உயிரோடிருப்பவர் பாதிக்கும் அப்படித்தான். உடனே விற்றால் லாபம் என்று ஒன்று அநேகமாக இருக்காது, வரியும் இருக்காது. இதை க்ரீன் பே ஊரில் நடந்த கருத்தரங்கில் மேடையேறி, ஆப்பிள் பை என்ற பலகாரத்தை இரண்டாக வெட்டிக் காட்டி விளக்கியவன் நீ. பிறகு இரண்டு பாதியையும் நீயே தின்றாய். கைதட்டினார்கள். அடுத்துப் பேச வேண்டிய எனக்கு நேரமில்லாமல் போனது.

அந்த நீ, அவர்கள் கல்யாணமான புதிதில் அந்த இடத்தை வாங்கிய விலையைப் போட்டு, விற்றதில் மிச்சமெல்லாம் லாபம் என்று காட்டியிருக்கிறாய். சல்லிக்காசு கட்ட வேண்டாதவள், வீட்டுக் கூரை மாற்ற வைத்திருந்த பணத்தையெல்லாம் வரியாகக் கட்டியிருக்கிறாள். மூன்று குளிர்காலமாக வாளி வைத்து ஒழுகலைப் பிடிக்கிறாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உன் கணக்கில் நான் பார்த்த முதல் தவறு இது. காபி போட்டுக்கொண்டு வந்து இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது.

தவறைக் கண்டால் வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும் என்பது விதி. சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள் நம்பவில்லை. "ஆர்லனா? தப்பா? போப்பா. அவன் உன்னை விட்டுட்டுப் போன கடுப்பு உனக்கு. ஊருக்கே தெரியுமே!" என்றாள். காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி, நம்மைப் போலவே வரிக்கணக்குப் பார்க்கும் பெவ்வின் அலுவலகத்துக்கு இன்னொரு அபிப்பிராயம் கேட்கப் போய்விட்டாள். என் படிப்பு, என் அனுபவம் எதுவும் நிற்கவில்லை. உன் மேலுள்ள கோபத்தால் நான் இழந்தவற்றில் இதுவும் ஒன்று.

ஆகவே, வியாழக்கிழமைக் காலைக் கூட்டத்தில் இதைப் போட்டு உடைப்பது என்று முடிவு செய்தேன்.

கூட்டம் இன்னும் நடக்கிறது. பாலத்தடிச் சாப்பாட்டுக் கடையில் அதே மூலை மேஜை. கம்பு ரொட்டி போடுவதை நிறுத்திவிட்டார்கள், கேட்டால் கேட்பதற்கு ஆளில்லை என்கிறார்கள், நான் ஆளில்லையா? இப்போது வருவது நாங்கள் மூவர்தான். நான், பெவ், பால் பண்ணைக் கணக்கு மட்டும் பார்க்கும் டுவேன். பழைய முறைதான். பெயர் சொல்லாமல் கேஸைச் சொல்லி, விதியைச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வது.

நான் புழுக்கடைக்காரி கதையை ஆரம்பித்தேன். கணக்குப் போட்டவர் பெயரைச் சொல்லவில்லை, "ஊரைவிட்டுப் போன ஒரு பெரிய மேதை" என்றேன். ஆப்பிள் பை விஷயத்துக்கு வரும் முன்பே டுவேன் முட்கரண்டியைக் கீழே வைத்தான்.

"டேய், அரிசோனாவா?" என்றான்.

நான் காபிக்குச் சர்க்கரை போட்டேன்.

"என்கிட்டயும் ஒண்ணு வந்துச்சு. போன வருஷம். நான் யார்கிட்டயும் சொல்லல" என்றான். அவன் சொன்னது இது. ஒரு பண்ணைக்காரரின் மாட்டுக்கொட்டகை. அதன் தேய்மானத்தை நீயே வருஷா வருஷம் வருமானத்திலிருந்து கழித்து எப்போதோ முடித்துவிட்டாய். பிறகு ஒரு வருஷம், நேற்றுதான் கட்டியதுபோல் முதலிலிருந்து கழிக்க ஆரம்பித்திருக்கிறாய். டுவேன் சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிவிட்டான். "புதுக் கொட்டகையாம்! அந்தக் கூரையில ஓட்டை வழியா நான் நட்சத்திரம் பார்த்திருக்கேன்" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"வாயை மூடுடா" என்றாள் பெவ். அவளிடம் இருந்தது ஒரு வாத்தியார் தம்பதி. அவர்கள் மகளை, பெற்றோரை நம்பியிருக்கும் பள்ளிப்பிள்ளை என்று காட்டியிருக்கிறாய். "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாகி ரெண்டு குழந்தை இருக்கு. அவளும் தன் கணக்கை அனுப்பியிருக்கா. ரெண்டும் மோதி, வரித்துறை திருப்பி அனுப்பிடுச்சு. ஏதோ கைதவறிப் போட்டுட்டான்னு நானும் சரிபண்ணிட்டுப் பேசாம இருந்தேன். ஆர்லன் ஆச்சே."

மூன்று பேரும் தனித்தனியே உன் தவறுகளைத் திருத்தி, தொழில் மரியாதைக்காக ஒருவருக்கொருவர் சொல்லாமல் மறைத்திருக்கிறோம். நான் மறைக்கவில்லை, அது வேறு விஷயம். எனக்குக் கிடைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

பெவ்தான் அதைச் சொன்னாள். முட்டை ஆறிக்கொண்டிருந்தது. "கவனிச்சீங்களா? எதுவுமே தப்பில்ல. இடத்தோட விலை அன்னிக்கு அதுதான். கொட்டகை ஒரு காலத்துல புதுசுதான். அந்தப் பொண்ணு ஒரு காலத்துல ஸ்கூலுக்குப் போனவதான். கணக்கெல்லாம் சரி. வருஷம் மட்டும் தப்பு."

டுவேன் தன் தட்டைத் தள்ளி வைத்தான். பரிமாறுகிற பெண் வந்து, யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இன்னொன்றும் பெவ் சொன்னாள். உனக்குத் தெரியுமோ தெரியாதோ. உன் லோரெட்டா உயிரோடிருந்த கடைசி வருஷத்தில் பெவ்வுக்கு அடிக்கடி போன் செய்து விதிகளைக் கேட்பாளாம். "பக்கத்துல ஆர்லனை வெச்சுக்கிட்டு என்கிட்ட ஏன் கேக்குறேன்னேன். அவர் தூங்குறார்னா. நல்ல பகல்ல!" உன் கணக்கு ஒவ்வொன்றையும் தபாலில் போடும் முன் உன் மனைவி பச்சைப் பென்சிலோடு சரிபார்ப்பாள் என்பது நம் அலுவலகத்தில் எல்லோரும் அறிந்தது. எழுத்துப்பிழை பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் கைக்கு வந்த மூன்றும் அவள் போன பிறகு போட்டவை. அதற்கு முன் தவறு வரவில்லையா, வந்து அவள் நிறுத்தினாளா, எனக்குத் தெரியாது. அவள் சொல்லியிருக்க மாட்டாள். உன்னிடம்கூட.

அன்று மதியம் புழுக்கடைக்காரி திரும்ப வந்தாள். நான் சொன்னதுதான் சரி என்று பெவ் சொல்லிவிட்டதால் முகம் தொங்கியிருந்தது. கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்கும் மூன்று வருஷக் கெடு இந்த ஏப்ரலோடு முடிகிறது. திருத்திய கணக்கை அனுப்பிவிட்டேன், பதிவுத் தபாலில். பணம் வந்துவிடும், கூரையும் மாறும். அந்தக் கவலை உனக்கு வேண்டாம். உன் மேல் புகார் கொடுக்கலாமா என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்திருந்தேன். புகாரை எப்படி எழுதுவது என்றுகூட, ஒப்புக்கொள்கிறேன், முந்தின வாரம் மனதுக்குள் எழுதிப் பார்த்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"ஆர்லன் எனக்கு போன் பண்ணினான், போன நவம்பர்ல, தேங்க்ஸ்கிவிங் சமயத்துல" என்றாள். "எங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார், மீன் மாட்டுதான்னு கேட்டான். நான் ஏதோ வேடிக்கை பண்றான்னு நினைச்சேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி மறுபடியும் கேட்டான். கோன்ராட், அடுத்த தடவை கேட்டா நான் என்ன சொல்லட்டும்? நல்லா இருக்கார்னே சொல்லிடவா?"

எல்லாவற்றுக்கும் விதி எண் சொல்லிப் பழகிய நான், மேஜையிலிருந்த மிட்டாயை அவள் பக்கம் நகர்த்தினேன்.

இதை உனக்கு எழுத வேண்டியவர் யார் என்று அடுத்த வியாழன் பேசினோம். பெவ் எழுதினால் பூசி மெழுகுவாள். டுவேனுக்கு எழுதவே வராது. "நீதான் எழுதணும்" என்றாள் பெவ். "நாங்க சொன்னா ஆறுதலுக்குச் சொல்றோம்னு நினைப்பான். நீ அவனைச் சந்தோஷப்படுத்த ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டேன்னு அவனுக்குத் தெரியும்." என்னைப் பற்றி இந்த ஊரில் யாரும் சொன்ன நல்ல வார்த்தை அநேகமாக இதுதான். அதனால்தான் மேலே அந்த விதியை முழுதாக எழுதினேன். படித்தபோது, இது எனக்குத் தெரியாதா என்று எரிச்சல் வந்திருந்தால் சரி. புதிதாகக் கேட்பதுபோல் இருந்திருந்தால், மேற்கொண்டு எழுதுவதைக் கவனமாகப் படி.

இந்த வருஷம் யாருடைய கணக்கிலும் கையெழுத்துப் போடாதே. உன் மேஜையில் பிரிக்காமல் கிடக்கும் உறைகளை அப்படியே ஒரு பெட்டியில் போட்டு எனக்கு அனுப்பு. கூலி இங்கே கொடுத்துக்கொள்கிறேன். பண்ணைகளை டுவேன் எடுத்துக்கொள்வான், வாத்தியார்களை பெவ், மீதியை நான். கூடுதல் கட்டணம் வாங்க மாட்டோம். உன் ஆட்களை உன்னிடமிருந்து பிடுங்க இது வழி என்று நீ நினைக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். நினைத்துக்கொள், ஆனால் அனுப்பு.

இரண்டாவது, ஃபீனிக்ஸில் இருக்கும் உன் மகள் ஜோலினைக் கூப்பிட்டு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. டாக்டரிடம் அவள் கூட வரட்டும், காரை அவள் ஓட்டட்டும். மார்ச் பிறந்தும் அவளுக்கு நீ சொல்லவில்லை என்றால் நான் கூப்பிடுவேன். அவள் எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன்.

இங்கே ஏரியில் பனி இந்த வருஷம் கெட்டியாக இல்லை. மேலே ஓட்டிப்போன ஒரு லாரி, பனி உடைந்து உள்ளே போய்விட்டது, ஆளுக்கு ஒன்றுமில்லை. வரித்துறைக்குப் போன் செய்தால் அதே பாட்டைப் போட்டுக் காக்கவைக்கிறார்கள். அந்தப் பாட்டுக்கு நீ ஒரு ஆபாசமான வரி கட்டிப் பாடுவாய். டுவேன் இன்னும் பாடுகிறான். சுருதி சேரவில்லை.

இப்போது கேட்கிறேன். ஆர்லன், நலமாக இருக்கிறாயா?

பதில் போடு. போட்டோமா இல்லையா என்று நினைவில்லை என்றால் இன்னொரு முறை போடு. ஒரே கடிதம் இரண்டு முறை வந்தாலும், ஐந்து முறை வந்தாலும், ஒவ்வொன்றுக்கும் நான் பதில் எழுதுவேன். முன்பே வந்தது என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

இன்னும் உன் மேல் கோபமாகவே இருக்கும்,
கோன்ராட்