கயிறு கட்டும் முன்

ஒசாகா,
1998 ஏப்ரல் 12

அன்புள்ள தொமேசோவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஓர் எழுத்தைக் கட்டத்துக்குள் பிடித்து நிறுத்தினால் அடுத்தது வெளியே ஓடிவிடுகிறது. இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது. ஆனால் யாரையும் கேட்கவில்லை, எல்லாம் நானே எழுதினேன். மாலைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இரண்டு வருஷம். எழுபத்தொரு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் உனக்குத்தான். உறைமேல் உன் பெயரை எழுதிவிட்டு, அதை அலமாரியில் சாய்த்து வைத்து, தேநீர் குடித்துக்கொண்டே பார்த்தேன்.

இன்னொரு செய்தி. குளிர்காலம் முடிந்து மே மாதம் மலைப்பாதை திறந்ததும் யொஷினோவிலிருந்து குமானோ வரை யாத்திரையாக நடக்கப்போகிறேன். ஆறு நாள். உன் மகன் ஷூஹெய் வழிநடத்தும் குழுவில் பெயர் கொடுத்துவிட்டேன். பெயரையும் நானே எழுதினேன். நடப்பதற்குப் பயமில்லை. முதல் நாளே மேற்குப் பாறையில் புதியவர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கேள்வி கேட்பார்களாமே, அதை நினைத்தால் இப்போதே உள்ளங்கால் கூசுகிறது.

உன் கால் எப்படி இருக்கிறது? குளிரில் வலிக்கிறதா?

இவாகிச்சி

*

தொத்சுகாவா,
ஏப்ரல் 19

இவாகிச்சிக்கு,

உன் கடிதம் புயலில் சாய்ந்த தேவதாருக் காடு மாதிரி இருக்கிறது. இரண்டு தடவை படித்தேன். என் மனைவி வாங்கி மூன்றாம் தடவை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை.

நீ படிக்கத் தெரியாதவன் என்று நாம் சேர்ந்து மரம் வெட்டிய காலத்திலேயே எனக்குத் தெரியும். எந்தச் சீட்டு வந்தாலும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டுவாய். கேட்டால் உனக்கு நோகும் என்று நான் கேட்டதே இல்லை.

பாறைக்குப் பயப்படாதே. ஷூஹெய் இருபது வருஷமாகக் கயிறு பிடிக்கிறான், ஒருவரையும் விட்டதில்லை. ஆனால் அங்கே பொய் சொல்லக் கூடாது. நான் ஆற்றில் பிடித்து வைத்திருந்த எட்டு மீனையும் தின்றுவிட்டு நரிமேல் பழி போட்டாயே, அதை ஒப்புக்கொள். மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கால் அப்படியேதான் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இல்லாதது எப்படி வலிக்கும்? ஆனாலும் வலிக்கிறது.

தொமேசோ

*

சஞ்சோ மலை விடுதி,
மே 6

அன்புள்ள தொமேசோவுக்கு,

இன்று கடும் மழை. யாரும் நடக்கக் கூடாது என்று ஷூஹெய் சொல்லிவிட்டான். எனக்கு ஒரு முழுப் பகல் கிடைத்தது. சாமான் சுமப்பவர் நாளை கீழே இறங்கும்போது இதை எடுத்துப் போவார். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து முன்பைவிட மோசம்.

நேற்று முதல் நாள். விடியும் முன்பே யொஷினோவில் சங்கு ஊதினார்கள். வெள்ளை உடையில் பதினான்கு பேர். சவத்துக்கு உடுத்துவதும் இதே வெள்ளைதான் என்று பின்னால் ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் வாயை அடைக்க ஆளில்லை. வழிப் பலகைகளை எல்லாம் நான் உரக்கப் படித்தேன். ஒன்றுகூட விடவில்லை. குழுவினர் சிரித்தார்கள். சந்தோஷத்தில் மூட்டுவலியே தெரியவில்லை. பிற்பகலில் 'மேற்குப் பாறை' என்று ஒரு பலகை வந்தது. அதை மட்டும் மனதுக்குள் படித்தேன்.

குப்புறப் படுக்கச் சொன்னார்கள். தோளைச் சுற்றிக் கயிறு. ஆளுக்கொரு காலாக இருவர் பிடித்துக்கொண்டார்கள். கும்பிட்ட கையோடு இடுப்பு வரை வெளியே தள்ளினார்கள். கீழே மரங்களின் உச்சி, பாசி மாதிரி. என் தொப்பி போய்க்கொண்டே இருந்தது. விழுந்த சத்தம் வரவேயில்லை. கயிற்றின் மறுமுனை ஷூஹெய் கையில்.

பெற்றோரை மதித்தாயா என்றார்கள். மதித்தேன் என்றேன். உழைத்துப் பிழைத்தாயா என்றார்கள். ஆம் என்றேன். பிறகு ஷூஹெய் சிரித்துக்கொண்டே கேட்டான்:

"மாமா, எங்கப்பாவ எப்பவாச்சும் ஏமாத்தியிருக்கீங்களா?"

கும்பிட்ட கையை இன்னும் இறுக்கினேன்.

"பேசலைன்னா இன்னும் ஒரு சாண் இறக்குவோம் மாமா."

இறக்கினார்கள். உன் மகன் கை, தொமே. உன் கை மாதிரியே பெருவிரல் வளைந்த கை. அவனுக்குத் தெரிந்தால் பிடித்துக்கொண்டிருப்பானா என்று நினைத்தேன். எனக்கு மூத்திரம் வந்துவிட்டது.

"ஏமாத்தினேன்" என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஷூஹெய் என்னை மேலே இழுத்து, தன் துண்டால் என் முகத்து மண்ணைத் துடைத்தான். "எட்டு மீனுக்கா மாமா இப்படி அழறீங்க?" என்றான்.

மீனுக்காக அல்ல.

உன் கால் போன அன்று காலை நம் மரவெட்டு மேஸ்திரி காய்ச்சலில் படுத்திருந்தார். அவர் மனைவி வந்து என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, படித்துவிட்டு அதன்படி செய்யச் சொன்னாள். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். புரிந்தது என்றேன். சட்டைப்பையில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் மரம் இழுக்கும் கம்பிவடங்களில் மூன்றாவது அறுந்து உன்மேல் விழுந்தது. வடம் பழசு என்று எல்லோரும் பேசி முடித்தார்கள். மேஸ்திரி அந்தக் காய்ச்சலிலிருந்து எழவே இல்லை. சீட்டைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

முப்பத்தைந்து வருஷம் அதை மலைக்கோயில் தாயத்துப் பைக்குள் வைத்திருந்தேன். வேறு எதையோ பற்றிய சீட்டாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போன பிப்ரவரியில் எடுத்துப் படித்தேன். யார் உதவியும் இல்லாமல் படித்தேன். 'மூன்றாம் வடம் பிரிந்திருக்கிறது. தொடாதீர்கள்.' அவ்வளவுதான். இரண்டு வரி. அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் படிக்கத் தெரியாதவன் என்று தெரியும், ஆனால் கேட்டதில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. அன்று நீ கேட்டிருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்காகவும் மன்னித்துக்கொள். சீட்டை வாங்கிய கை என்னுடையது, போட்டுக்கொண்ட பையும் என்னுடையது.

விடுதியில் நல்ல சோறு, ஊறுகாய், சூடான சூப். ஷூஹெய் தன் பங்கு டோஃபுவையும் என் கிண்ணத்தில் போட்டான். தின்றேன்.

நாளை மழை விட்டால் பின்பக்கப் பாறை. அதில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு விளிம்பைச் சுற்ற வேண்டும். கயிறு கட்டுவது ஷூஹெய்தான். நேற்று தொங்கும்போது சொல்லவில்லை. நாளை அவன் கட்டுவதற்கு முன்பே, இரண்டு காலும் தரையில் இருக்கும்போதே, எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். கேட்ட பிறகும் கட்டுவானா என்று தெரியவில்லை. நேற்றைவிட இன்று பயமாக இருக்கிறது.

கட்டினால் அடுத்த வாரம் குமானோவிலிருந்து எழுதுகிறேன். கட்டாவிட்டால் தனியாக இறங்கி, வீட்டுக்குப் போய் எழுதுகிறேன். நீ பிரிக்காமல் வைத்தாலும், அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இவாகிச்சி