இரண்டு விரல் வாசிப்பு

தம்பிக்கு,

அன்புள்ள என்று தொடங்கி, அடித்துவிட்டேன். உன் கடிதம் திங்களன்று வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து போடும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறாள்.

உன் முதல் ஜாஸ் ஆல்பம் வந்து பத்து வருடமாகிறது, மறுபடி வெளியிடுகிறார்கள், சின்ன வயதில் நீ எப்படிப் பயிற்சி செய்தாய் என்று அட்டைக்குள் அக்கா நாலு வரி எழுத வேண்டும் என்கிறாய். நீ எங்கே பயிற்சி செய்தாய்? பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, நான் பேஸ் கிட்டார் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

கச்சேரிக்குக் கிளம்பிய அன்று வேன் கதவை நீ ஓங்கிச் சாத்தியதில் என் இடக்கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்கியபடியே நின்றுவிட்டன. அது விபத்து. அதற்காக உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. மிச்ச விரல்களை வைத்து, எட்டாத சுரத்துக்குக் கம்பி மேலேயே சறுக்கிப் போகப் பழகினேன். இரண்டு வருடம், தோல் உரிய உரிய. நான் வாசித்துவந்த இசைக்குழுக்காரர்கள் கேட்டுவிட்டு, பாவம், கையை வருத்திக்கொள்ள வேண்டாம் என்றார்கள். அதே வாசிப்பை நீ ஆல்பத்தில் நல்ல விரல்களை மடக்கிக்கொண்டு வாசித்தாய். புதுப் பாணி என்று கொண்டாடினார்கள். எப்படி வந்தது என்று பேட்டியில் கேட்டதற்கு, தானாக வந்தது என்றாய்.

போன வாரம் நான் வேலை செய்யும் கடைக்கு, தலை நரைத்த ஒருவர் தன் பேஸுக்குக் கம்பி மாற்ற வந்தார். மாட்டிக் கொடுத்ததும் இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டு வாசித்துப் பார்த்தார். கை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, உன் ஆல்பத்தைக் கேட்ட நாளிலிருந்து இப்படித்தான் என்றார். அப்புறம் மேஜை மேலிருந்த என் கையைப் பார்த்தார்.

"நீங்களும் அவரப் பாத்துத்தான் பழகுனீங்களா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆல்பத்தை முதல்முறை கேட்டபோது அம்மா, இது அக்கா வாசித்ததா என்றாள். நீ பேச்சை மாற்றினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அட்டைக்கு எழுத மாட்டேன். பொய் எழுத வராது. உண்மையை எழுதினால் நீ அச்சடிக்க மாட்டாய். வெளியீட்டு விழாவுக்கும் வரவில்லை. அம்மாவுக்கு வண்டி அனுப்பு, படியேறும்போது கையைப் பிடித்துக்கொள்.

எனக்கென்று எதுவும் அனுப்பாதே. அந்த விரல்களை நீட்டு. உனக்கு முழுக் கை இருக்கிறது. அதை வைத்து ஒரே ஒரு ரெக்கார்டு போடு. சுமாராக இருந்தாலும் சரி, கடைசி வரை உட்கார்ந்து கேட்கிறேன்.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

அக்கா