நீ அனுப்பிய ஒயரில்லாத ஹெட்போன்

வலியசாலை,
திருவனந்தபுரம்.
12.11.2002

அன்பு மகன் நம்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் மருமகள் சுஜாவும் சார்ஜாவில் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பழவங்காடிப் பிள்ளையார் துணையிருக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணியபோது ஹெட்போன் எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டாயாம், அவர் ஃபஸ்ட் கிளாஸ் என்றாராம், இதைவிட நல்ல மாடல் ஒன்று வந்திருக்கிறது, கூட வேலை பார்க்கிற ஷிஜு லீவில் ஊருக்கு வரும்போது கொடுத்து அனுப்புகிறேன் என்று நீயும் சொன்னாயாம். ரிசீவர் என் கைக்கு வந்ததும் நீ என் முட்டுவலியைக் கேட்டாய், பெரியம்மா போனதற்கு ரெண்டு வார்த்தை வருத்தம் சொன்னாய், ஹெட்போனைப் பற்றிக் கேட்கவில்லை. அதை மாட்டிக்கொள்வது அவர்தான், ஆனால் அதோடு குடித்தனம் நடத்துவது நான். அதனால் நீ கேட்காமலே சொல்கிறேன். போனில் சொல்ல வந்தால் அழுகைதான் வரும், அதோடு அப்பா பக்கத்திலேயே நிற்பார், அதனால் கடிதம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மாவுக்கு எதிலும் குறை சொல்லத்தான் தெரியும் என்பாய். அப்பாவுக்குக் காது மந்தமானதிலிருந்து நம் வீட்டு டி.வி. சத்தம் கோவில் வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது, நீ போன் பண்ணினால் உனக்கே எங்கள் பேச்சு கேட்காது, அதனால்தானே இதை வாங்கி அனுப்பினாய். இந்தத் தெருவில் ரெண்டு வீட்டுக்கு ஒரே சுவர், பக்கத்து வீட்டு சரஸ்வதியம்மாளின் பேத்தி எண்ட்ரன்ஸுக்குப் படிக்க முடியாமல் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஒயர் இல்லாததால் யாரும் தடுக்கி விழவேண்டாம், அவர் கிணற்றடிக்குப் போனாலும் கமெண்ட்ரி கூடவே போகிறது, பந்து மட்டையில் படுகிற சத்தம்கூடக் கேட்கிறது என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் முதல் ஒரு வாரம் தலைவலி விட்டது, உன்னை மனசார வாழ்த்தினேன். நல்லது அவ்வளவுதான், இனி மற்றதைக் கேள். பாட்டரியை சார்ஜில் வைக்க அவர் மறந்தால் திட்டு எனக்கு. மிக்ஸி ஓடினால் அவர் காதில் கரகர என்கிறதாம், அதனால் மேட்ச் நாளில் சட்னி கிடையாது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் ரெண்டு காதையும் பொத்தி வைத்தால் வேர்க்காமல் என்ன செய்யும், காதுக்குப் பின்னால் வேர்க்குரு, பவுடர் போட்டுவிடுவதும் நான்தான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஹெட்போனோடு வந்த அந்தக் குச்சி வைத்த பெட்டியின் ஒயரை டி.வி.யில் சொருகினால் டி.வி. ஊமையாகிவிடும் என்று நீ சொல்லவே இல்லையே. முன்பெல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ரெண்டு பேரும் சீரியல் பார்ப்போம், அவர் அதில் வரும் மாமியாரைத் திட்டுவார், நான் மருமகளைத் திட்டுவேன், எங்களுக்குள் இருந்த பேச்சே அதுதான். இப்போது டி.வி.யில் எல்லோரும் வாயை வாயை அசைக்கிறார்கள், அவர் சிரிக்கிறார், அவர் முகத்தைப் பார்த்து இது சிரிக்கிற இடம் என்று நான் தெரிந்துகொள்கிறேன். ஒரு காதையாவது திறந்து வையுங்களேன் என்றால், உனக்குத்தான் சத்தமே பிடிக்காதே என்கிறார்.

அப்புறம் பூட்டு விஷயம். ஒரு நாள் நான் சாலைக்கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் தட்டு தட்டென்று தட்டினேன், கொட்டுகிற மழை, அவருக்குக் கேட்கவே இல்லை, புடவையெல்லாம் நனைந்து கடைசியில் சரஸ்வதியம்மாள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். இன்னொரு நாள் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தேன், திரும்பி வந்து பார்த்தால் தெரியாத ஒருத்தன் கூடம் வரை வந்து நிற்கிறான், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வெளியே போனால் வாசல் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவேன், அவருக்குப் போக வேண்டுமென்றால் பின்வாசல் இருக்கிறது. உயிரோடு ஒரு மனுஷனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறோமே என்று முதலில் என்னவோ போல் இருந்தது, பிறகு பழகிவிட்டது.

உன் பெரியம்மா போன அன்றைக்கும் அப்படிப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தேன். சொர்ணம் அக்காவுக்கு மூச்சு இளைப்பு கூடுதலாக இருக்கிறது என்று முந்தின நாள்தான் அவள் மகன் செல்வகணேஷ் போனில் சொல்லியிருந்தான், காலையில் பழவங்காடிக்குப் போய் அவள் பேரில் தேங்காய் உடைத்தேன். நல்ல கூட்டம். நான் அங்கே நின்ற நேரத்தில் நாகர்கோவிலில் அவள் மூச்சு நின்றிருக்கிறது. செல்வகணேஷ் நம் வீட்டுக்கு போன் பண்ணியிருக்கிறான், பண்ணிக்கொண்டே இருந்திருக்கிறான். போன் கூடத்தில், அப்பா அதே கூடத்தில் சோபாவில், காதில் கிரிக்கெட். அவன் பிறகு சரஸ்வதியம்மாள் நம்பருக்குப் பண்ணியிருக்கிறான். அவள் ஓடிவந்து பார்த்தால் வாசலில் பூட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் டி.வி. சத்தமும் இல்லை. நம் வீட்டில் டி.வி. சத்தம் இல்லையென்றால் ஆள் இல்லை என்று இத்தனை வருஷமாகக் கேட்டுப் பழகினவள் பாவம் வேறென்ன நினைப்பாள், முன்னாடியே தகவல் தெரிந்து அவர்கள் கிளம்பியாச்சு, பஸ்ஸில் இருப்பார்கள் என்று அவனிடம் சொல்லிவிட்டுத் தன் மகள் வீட்டுக்குக் கரமனைக்குப் போய்விட்டாள். வழியில் வந்துகொண்டிருப்பவர்களுக்கு யார் திரும்ப போன் பண்ணுவார்கள்? நான் ஆரியசாலையில் மல்லியும் மிளகும் வாங்கிக்கொண்டு உச்சிக்கு வீட்டுக்கு வந்தேன். சோறு ஆச்சா என்று அப்பா கத்தினார், அதை மாட்டிக்கொண்டால் அவர் சத்தம் அவருக்கே தெரியாது. போன் வந்ததா என்று கையால் ஜாடை காட்டிக் கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார். அவர் பொய் சொல்லவில்லை, அவரைப் பொறுத்தவரை வரவில்லைதான். நான் சமைத்தேன், பப்படம் பொரித்தேன், சாப்பிட்டேன், கொஞ்சம் கண்ணயர்ந்தேன் நம்பி. அக்கா அங்கே கூடத்தில் கிடக்கிறாள், நான் இங்கே தின்றுவிட்டுத் தூங்கினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரமனையிலிருந்து வந்த சரஸ்வதியம்மாள் என்னை வாசலில் பார்த்துவிட்டு, அய்யோ செண்பகம், நீ இங்கேயா இருக்கே, போகலையா, நீங்க கிளம்பியாச்சுன்னு சொல்லிட்டேனே என்று கையைப் பிசைந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், கூடப்பிறந்தவள் எந்த ஊரில் இருந்தாலும் வந்து வாய்க்கரிசி போடாமல் எடுக்க மாட்டார்கள். எனக்காகப் பொழுது சாயும்வரை காத்திருந்திருக்கிறார்கள், இருட்டின பிறகு எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி அதற்குமேல் முடியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். செல்வகணேஷ் அழவில்லை. சித்தி, நீங்க வந்துகிட்டு இருக்கியன்னுல்லா இருந்தோம், உங்களுக்குன்னு ஒரு பிடி அரிசி தனியா எடுத்து வச்சிருந்தோம் என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு பிடியை எதிர்வீட்டுக்காரி யாரோ போட்டாளாம். தாய் போன பிறகு எனக்குத் தலைவாரிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, கல்யாணத்துக்கும் முன்னால் நின்றவள் அவள். அவள் வாயில் அரிசி போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. செல்வகணேஷ் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை, பதினாறாம் நாளுக்குப் போனபோதும் வாங்க என்று சொன்னதோடு சரி. காதில் கருவி மாட்டியிருந்தார், கேட்கவில்லை என்று சாவு வீட்டில் சொன்னால் யாராவது நம்புவார்களா? பெண்கள் என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

உன் அப்பா என்ன சொன்னார் என்று கேட்பாய். திரும்பி வருகிற பஸ்ஸில், வெளியே பூட்டு போட்டுட்டுப் போனா ஆள் இருக்குன்னு எவனுக்குத் தெரியும் என்றார். ஆமாம், பூட்டினது நான்தான். ஏன் பூட்டினேன் என்று அவர் கேட்கவில்லை, நீயும் கேட்க மாட்டாய். எனக்கு வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை, தப்பாகிவிட்டது செண்பகம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அது வரவில்லை. பதினாறு முடிந்து வந்த அன்றைக்கே திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு நாள் அவருக்குப் பின்னால் நின்று, என் அக்கா முகத்தை எனக்கு இல்லாமல் பண்ணிட்டீங்க, இதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசினதில்லை. அவர் டி.வி.யைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது நான் பழவங்காடிக்கும் போவதில்லை, எங்கேயும் போவதில்லை, போன் வந்தால் எடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே. உன் போனைத் தவிர எனக்கென்று இனி போன் வரப்போவதில்லை, பண்ணிக்கொண்டிருந்தவள் போய்விட்டாள், ஆனாலும் காத்துக்கொண்டு இருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது. பிள்ளை நல்லதுக்குத்தான் அனுப்பினான் என்று தெரியும், தெரிந்தாலும் இருக்கிறது, தானாகப் போகும். புது மாடல் வேண்டாம், ஷிஜு வெறுங்கையோடு வரட்டும். சுஜாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். செல்வகணேஷுக்கு நீ ஒரு போன் பண்ணு, கோபமாகப் பேசினால் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள், அம்மா வேண்டுமென்று வராமல் இருக்கவில்லை என்று மட்டும் எனக்காகச் சொல்லு. மறந்துவிடாதே. இந்த வருஷம் மழை சரியில்லை, அணையில் தண்ணீர் இல்லை என்று இங்கே சாயங்காலம் அரை மணி நேரம் கரண்டை நிறுத்துகிறார்கள். அப்போது அப்பாவுக்கு வேறு வழியில்லை, அதைக் கழற்றி வைத்துவிட்டு செண்பகம், செண்பகம் என்று இருட்டில் கூப்பிடுகிறார், முதலில் அதிகாரமாக, போகப் போகப் பயந்துபோய். நான் அடுக்களையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. கரண்ட் வருகிறவரை நான் பதில் சொல்வதில்லை.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா,
த. செண்பகவல்லி