கிழக்கு கேலரியின் முதுகு

ஜனவரி 9, வியாழன்

எங்கள் கிளப்பை விற்றுவிட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் போன் செய்தாள். "அண்ணி, நிக்கிறீங்களா, உக்காந்திருக்கீங்களா?" நாத்தனார் இப்படி ஆரம்பித்தால் ஒன்று குடும்பத்தில் சாவு, இல்லையென்றால் கால்பந்து.

இதுவரை கிளப்பை வைத்திருந்த பிஸ்கட் கம்பெனிக்காரர் கைகழுவிவிட்டார். வாங்கியவர் கப்பல் முதலாளியாம், இந்த ஊர்க்காரரே இல்லை. பெரிய நகரத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு மைதானம் சும்மா கிடக்கிறது. இந்த சீசனில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினால் அணியை அங்கே கொண்டுபோய்விடுவேன் என்று முதல் நாளே டிவியில் சொல்லிவிட்டார். நாங்கள் இப்போது கடைசிக்கு ஒரு படி மேலே.

"விடு, சனிக்கிழமைல வீடு ஒட்டடை அடிக்கலாம்" என்றார் கணவர். இவரும் சின்னவளும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று யார் நம்புவார்கள்?

ஜனவரி 18, சனி

கப்பல்காரரை இன்று பார்த்தேன். வெள்ளை ஷூ. மேலே முதலாளிகள் உட்காரும் கண்ணாடி அறையில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். யாரும் கை தட்டவில்லை.

ஒரு பெனால்டி கிடைத்தது. வழக்கப்படி கிழக்கு கேலரி மொத்தமும் எழுந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. எங்கள் ஆள் பெனால்டி அடிக்கும்போது நாங்கள் பார்க்கமாட்டோம். கண் பட்டுவிடும். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் இத்தனை வருடத்தில் எங்கள் பெனால்டி ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை, காதால்தான். மேற்கு கேலரி அலறினால் கோல். முனகினால் இல்லை. இன்று அலறியது.

டிவியில் கப்பல்காரர் சிரித்தாராம்: "பெனால்டிக்கு முதுகு காட்டுற கூட்டத்த நான் எங்கயும் பாத்ததில்ல." சிரிக்கட்டும். இனி அந்த ஆளின் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

மீசைக்காரரை அனுப்பிவிட்டார்கள். எங்களை முதல் பிரிவுக்குக் கொண்டுவந்த கோச். போனில் சொன்னார்களாம், போனில்! நேரில் வந்து சொல்ல வாய் வரவில்லையா?

சின்னவள் சாலையில் நின்றபடியே அழுதிருக்கிறாள். ட்ராஃபிக் போலீஸ் அழுதால் வண்டிகள் எல்லாம் மரியாதையாகப் போகின்றன என்றாள்.

பிப்ரவரி 1, சனி

போகவில்லை. ஒட்டடை அடித்தேன். தோற்றார்கள்.

பிப்ரவரி 8, சனி

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை.

புது கோச் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, வங்கிக்கு வந்தவர் மாதிரி ஓரத்தில் நிற்கிறார். கத்தவே இல்லை. மீசைக்காரர் என்றால் அவர் தொண்டை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்கும். "இவரு கோச்சா, கணக்குப் பிள்ளையா?" என்றாள் சின்னவள்.

ஆனால் எழுதத்தான் வேண்டும். இரண்டாம் பாதியில் ஏதோ நடந்தது. பந்து நின்றதே இல்லை. ஒருவன் ஓடினால் அவன் விட்ட இடத்துக்கு இன்னொருவன் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறான். பதினொரு பேருக்கும் ஒரே மூச்சு. அதே பையன்கள்தான், போன மாதம் ஒருவர் காலில் ஒருவர் இடறி விழுந்த அதே பையன்கள். வாயைப் பிளந்து பார்த்தேன். பிடிக்காத ஆள் செய்த காரியத்தைப் பார்த்து மலைத்து நிற்பது எவ்வளவு சங்கடம்!

ஜெயித்தோம். கை தட்டினேன். பையன்களுக்காக மட்டும்.

மார்ச் 15, சனி

இன்று ஒட்டகம் பெனால்டியை விட்டுவிட்டான். எங்கள் நெட்டைக்கால் பையன். நாங்கள் முதுகைக் காட்டி நிற்கிறோம், மேற்கிலிருந்து அந்த முனகல். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் உட்கார்ந்தோம்.

"அண்ணி, நீங்க திரும்பிப் பாத்தீங்களா?"

"நானா? உன் தலைமேல சத்தியமா இல்ல."

"என் தலை எதுக்கு? உங்க தலைமேல பண்ணுங்க."



ஏப்ரல் 3, வியாழன்

இதை எப்படி எழுதுவது?

கோச் கடைக்கு வந்தார். பயிற்சியில் பந்து பட்டு கண்ணாடி நொறுங்கிவிட்டதாம். முகத்தைச் சுளிக்காமல் நாற்காலியில் உட்காரவைத்தேன், தொழில் தொழில்தான். விளக்கைக் குறைத்து, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரியில் நிறுத்தினார்.

"நீங்க கிழக்கு கேலரியா?"

என் கோட்டில் கிளப் பின் குத்தியிருப்பதையே மறந்திருந்தேன். ஆமாம் என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

"கோபமா இருப்பீங்க. மீசைக்காரர் எடத்துல வந்திருக்கேன், கோபம் இல்லன்னாதான் தப்பு." பிறகு, "ஒட்டகம் பெனால்டிய விட்ட அன்னைக்கு என்கிட்ட ஒண்ணு கேட்டான். பந்த வச்சிட்டு நிமிந்தா கோலுக்குப் பின்னாடி பூரா முதுகாவே தெரியுதாம். 'சார், நான் அடிக்கிறத பாக்கக்கூட அவங்களுக்குப் பிடிக்கலியா?'ன்னான்."

லென்ஸ் கையிலேயே நின்றுவிட்டது.

அவன் வெளியூர்ப் பையன். போன வருடம்தான் வந்தான். யாரும் சொல்லவில்லை. ஐயோ, யாருமே சொல்லவில்லை! கண் படக்கூடாது என்றுதானடா திரும்பி நின்றோம். உன்மேல் உயிரை வைத்துத்தானே...

கண் படக்கூடாது என்றுதான் திரும்பி நிற்கிறோம் என்று அவரிடம் சொன்னேன். "நீங்க சொல்லலியா அவன்கிட்ட?"

"எனக்கே இப்பத்தான் தெரியும், நீங்க சொல்லி" என்றார். "உங்க பழக்கத்த மாத்தச் சொல்ல நான் யாரு? ஆனா அவன் எடத்துல நின்னு ஒருதடவ பாருங்க."

நாள் முழுக்க எல்லோரையும் "இங்க பாருங்க, நேரா பாருங்க" என்பதுதான் என் பிழைப்பு. அந்த இடத்தில் நின்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்படி ஒருவர் இருப்பாரா என்று இன்னும் வியப்பு அடங்கவில்லை. அவர் ஒரு வார்த்தைகூடக் குற்றமாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

ஒட்டகம் கேட்டதைக் கேலரியில் சொன்னேன், இனி பெனால்டிக்கு மைதானத்தைப் பார்த்தே நிற்போம் என்றேன். அடிக்காத குறை. "கப்பல்காரன் ஆளு சொன்னா நாம திரும்பணுமா? நாளைக்கு ஜெர்சி கலரயும் மாத்துவான், அதுக்கும் தலையாட்டுவியா?" என்றார் பின்வரிசைத் தபால்காரர். சின்னவள் என் பக்கமும் பேசவில்லை, அவர் பக்கமும் பேசவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

மே 9, வெள்ளி

நாளை கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் பிரிவிலேயே இருப்போம். இல்லையென்றால் அணி லாரியில் ஏறிவிடும்.

மே 10, சனி

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

கடைசி நிமிடங்கள் வரை கோல் இல்லை. அப்புறம் விசில். பெனால்டி, எங்கள் கேலரிப் பக்கத்து கோலில், எங்கள் கண்ணெதிரே. ஒட்டகம் பந்தை எடுத்துக்கொண்டு வந்தான். கேலரி எழுந்தது. எல்லோரும் பழக்கத்தில் திரும்பினார்கள். என் கால்களும் திரும்பத்தான் பார்த்தன. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றேன். பயமாக இருந்தது. என் ஒருத்தி கண்ணால் எல்லாம் போய்விட்டால்?

அப்போது சின்னவள் நாற்காலிமேல் ஏறினாள். கேலரியைப் பார்த்து ஒரு கையை நீட்டி நிறுத்தினாள், இன்னொரு கையால் வளைத்துக் காட்டினாள். நாற்சந்தியில் வண்டிகளைத் திருப்புவாளே, அதேதான். வாயில் விசில்கூட இல்லை. ஒரு வரிசை திரும்பியது. பிறகு அடுத்தது. தபால்காரர் திட்டிக்கொண்டே திரும்பினார். நூற்றுக்கணக்கான முகங்கள், அத்தனையும் மைதானத்தைப் பார்த்து. அம்மா! அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஒட்டகம் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தான். எங்களைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான், நடுவர் ஏதோ சொல்லும்வரை.

அடித்தான்.

வலை அப்படியா அசையும்? அவ்வளவு மெதுவாகவா, முந்தானை காற்றில் எழும்புகிற மாதிரி? யாருமே எனக்குச் சொன்னதில்லையே! கத்தக்கூட மறந்து நின்றேன். மேற்கு கேலரி அலறித்தான் எங்களுக்கே கோல் என்று உறைத்தது. ஒட்டகம் நேராக எங்களிடம் ஓடிவந்தான், அழுதுகொண்டே.

"அண்ணி, மேல பாருங்க!" சின்னவள் என் தோளை உலுக்கினாள்.

கண்ணாடி அறையில் எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்து நின்றிருந்தார், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. முதுகுதான் தெரிந்தது. கீழே வெள்ளை ஷூ. யாரோ தோளைத் தட்டிச் சொல்லவேண்டியிருந்தது. மெல்லத் திரும்பினார். கண்ணாடியில் நெற்றியை வைத்து எங்களைப் பார்த்தார், எல்லோரும் மைதானத்தைப் பார்த்து நிற்பதை. திருவிழாவில் கைவிட்டுப்போன பிள்ளை மாதிரி விழித்தார்.

நான் கை தட்டினேன். அவருக்குத்தான்.

மே 12, திங்கள்

கடையில் கூட்டம். மத்தியானம் சின்னவள் போன் செய்தாள். மழையில் நிற்கிறாளாம், பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"அண்ணி, இனிமே நாம பெனால்டியப் பாக்கப்போறோம்னு மேல இருக்கிற அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? அடுத்த சீசனும் கண் படக்கூடாதுன்னு சுவத்தப் பாத்துட்டு நிப்பாரே, பாவம். யாராவது சொல்லணும்ல?"

"நான் சொல்றேன்" என்றேன். "நம்ம ஆளுதானே."