குண்டூசிக்காக நான் படித்த இங்கிலீஷ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் நலம் எப்படிப்பட்ட நலம் என்பது போகப் போகத் தெரியும், முதல் வரியிலேயே நலமில்லை என்று எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. போனில்தான் வாரம் தவறாமல் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நீ அழுதால் நான் ஏதாவது கேலி பேசிச் சிரிக்க வைப்பேன், அதோடு விஷயம் பாதியில் நின்றுவிடும். கடிதத்தில் நீ எங்கே அழுகிறாய் என்று எனக்குத் தெரியாது, நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகலாம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. சலூனில் ஒரு உயர ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முடி வெட்டுங்கள் என்றால், நான் உக்காந்தா கஸ்டமர் எந்திரிச்சுருவான், முதலாளி யாருன்னு அவனுக்குக் குழப்பம் வரும் என்கிறார். இந்தப் பேச்சுக்கெல்லாம் முட்டி வலிக்காது போலிருக்கிறது.

குண்டூசிப் பெரியம்மாவுக்கு எங்கள் லாண்டரியில் துணி வெளுக்கிற மருந்து தெறித்துக் கண் போய்விட்டது என்று சித்தி உனக்குச் சொல்லியிருப்பாள். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. புகை நெஞ்சுக்குள் இறங்கியதால் நாலு வார்த்தை பேசினால் மூன்று முறை இருமுகிறாள். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வேலையிலிருந்து திரும்பாத நாளெல்லாம் உனக்குத் தலைவாரி விட்டவள், ஒல்லி உடம்பும் குத்துகிற வாயுமாக நமக்கெல்லாம் குண்டூசியாக இருந்தவள். இதில் உன் அம்மாவுடைய பங்கு ஒன்று இருக்கிறது, அது சித்திக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்கும், அவள் வாயைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் மூன்று மாதம் இங்கிலீஷ் படித்தேன் என்று சொன்னேன் அல்லவா, ஞாபகம் இருக்கிறதா, நீகூட அம்மா இனிமே என்கிட்ட இங்கிலீஷ்லதான் சண்டை போடணும் என்று சிரித்தாய். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் துணியையெல்லாம் எங்கள் லாண்டரிக்குக் கொடுக்க வந்தபோது, உங்கள் ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா, போர்டு படிப்பார்களா, லேபிள் படிப்பார்களா என்று கேட்டிருக்கிறார்கள். தெரியும் என்று மேனேஜர் சொல்லிவிட்டு, அதன் பிறகு எங்களுக்கு வகுப்பு வைத்தார். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி, இஸ்திரி ஹாலில். வாத்தியார் காலையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அதனால் வேன் வாத்தியார். யாராவது எழுந்து நின்றால் தன்னை அறியாமல் உக்காருங்க, வண்டி கெளம்புது என்பார். நாற்பது வயது இருக்கும், பாவம் நல்ல மனிதர், எங்களைப் பார்த்தால் அவருக்கே பயம்.

இங்கிலீஷில் எட்டு வகைச் சொல் இருக்கிறதாம், எத்தனை பெரிய புத்தகத்தைத் திறந்தாலும் அந்த எட்டுக்குள்தான் எல்லாம் அடக்கமாம். அவர் எங்கள் துணியை வைத்தே சொல்லிக்கொடுத்தார். பெட்ஷீட், தலையணை உறை, பக்கெட், மேனேஜர் எல்லாம் நவுன், அதாவது பெயர். பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல அலுப்பாக இருந்தால் ஹீ, ஷீ, இட் என்று போடுகிறோமே அது ப்ரொநவுன், பெயருக்குப் பதிலாக வந்து வேலை பார்க்கிற ஆள். வாஷ், ஃபோல்ட் எல்லாம் வெர்ப், நாங்கள் நாள் முழுக்கச் செய்வது. டர்ட்டி, வெட் என்பது அட்ஜெக்டிவ், பெட்ஷீட் எப்படிப்பட்டது என்று சொல்வது. குயிக்லி என்பது அட்வெர்ப், வேலையை எப்படிச் செய்தோம் என்று சொல்வது, எங்கள் சூப்பர்வைசருக்கு இங்கிலீஷில் தெரிந்த ஒரே சொல் அதுதான். இன், ஆன், அண்டர் என்று பொருள் இருக்கிற இடத்தைச் சொல்வது ப்ரிபொசிஷன். ஆண்ட், பட் என்பது கன்ஜங்ஷன், இரண்டு துணியைச் சேர்த்துப் போடுகிற முடிச்சு. கடைசியில் இன்டர்ஜெக்ஷன் என்று ஒன்று, கையைச் சுட்டுக்கொண்டால் வாயிலிருந்து வருகிறதே, அது. வேன் வாத்தியார் இதைச் சொன்ன அன்று இஸ்திரிப் பெண் ஒருத்தி, அது எங்களுக்கு மொதல்லேயே தெரியும் சார், நாங்க தினமும் பத்து தடவை சொல்றோம் என்றாள். இவ்வளவுதான் எங்கள் படிப்பு. எட்டையும் முடிக்கவே மூன்று மாதம் ஆனது. லேபிளுக்கு வரவே இல்லை.

வகுப்புக்கு வராதவர்களுக்கு ஒரு தண்டனை வைத்திருந்தார்கள். மூன்று நாள் வருகை விட்டுப்போனால் அழுக்குப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். ஆஸ்பத்திரித் துணி எந்த நிலைமையில் வரும் என்று உனக்கு எழுத வேண்டாம், நீ சாப்பிட்டுக்கொண்டே படிப்பாய். ஆனால் குண்டூசியால் வகுப்புக்கு வர முடியாது. அவள் பார்த்தது பெரிய வாஷிங் மெஷின். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்கு மருந்து ஊற்ற ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், மெஷினுக்குச் சாப்பாட்டு நேரம் தெரியாது. நீ நவுரக்கூடாது என்று சூப்பர்வைசரே அவளிடம் சொன்னார், என்னிடம் திரும்பி, அவளுக்கும் சேத்து நீ போட்டுரு என்றார். எங்கள் இடத்தில் அது புதிதில்லை. மெஷினில் நிற்பவளுக்கு மடிப்பில் இருப்பவள் கையெழுத்துப் போடுவது, பாத்ரூம் போனவளுக்குப் பக்கத்து மேஜைக்காரி பதில் சொல்வது எல்லாம் நடப்பதுதான். அறுபத்திரண்டு நாள் நான் அவளுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய் மெஷின் சத்தத்தில் கத்திக் கத்தி அன்றைய பாடத்தை அவளுக்குச் சொல்வேன். அவளும் கேட்பாள். ப்ரொநவுன் சொன்ன அன்று, அப்ப எனக்குப் பதிலா நீ உக்காந்து வந்தியே, நீதாண்டி என் ப்ரொநவுன் என்றாள். இப்போது எழுதும்போது கை கூசுகிறது, அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பரீட்சை வைத்தார்கள், அதையும் நானே அவளுக்கு எழுதினேன். வேன் வாத்தியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தாளை முதலில் நிதானமாக எழுதினேன், என் தாளை அவசரத்தில் எழுதினேன், அதனால் ஐம்பதுக்கு அவளுக்கு நாற்பத்தொன்று, எனக்கு முப்பத்தெட்டு. படிக்காதவளுக்கு என்னைவிட மூன்று மார்க் கூட என்று ஒரு வாரம் என்னை ஓட்டினாள்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இங்கிலீஷ் மட்டும் அல்ல, தமிழும் படிக்கத் தெரியாது. உன் முன்னால் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன் நாங்கள் வேலையில் சேர்ந்த அன்று, கைநாட்டு வைக்கிறவர்களுக்கு நிரந்தர வேலை கிடையாது என்று கிளார்க் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அந்தப் பாரத்தை வாங்கி ஜன்னல் ஓரமாகத் திரும்பி நின்று நான் போட்ட கையெழுத்துதான் இன்றுவரை அவள் கையெழுத்து. எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

அந்தச் செவ்வாய்க்கிழமை மருந்து கம்பெனியை மாற்றிவிட்டார்கள். பழைய கேன்களில் ஒன்றில் சிவப்பு மூடி, ஒன்றில் மஞ்சள் மூடி, ஆசிட் கேனில் கையின் மேல் பெருக்கல் குறி போட்ட படமும் இருக்கும். புதிதாக வந்த இரண்டும் ஒரே நீலம், ஒரே உயரம், மேலே பொடிப்பொடியாக இங்கிலீஷ். ஒன்றை இன்னொன்றோடு கலக்காதே என்று அதில் போட்டிருந்ததாம். ப்ளீச் இருந்த பக்கெட்டில் அவள் ஆசிட்டை ஊற்றினாள். நான் மடிப்பு மேஜையில் இருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன், அதற்கு மேல் எழுத மாட்டேன்.

நாலாம் நாள் மேனேஜர் ஒரு காகிதம் தயார் செய்தார். இந்தத் தொழிலாளி அறுபத்திரண்டு நாள் இங்கிலீஷ் பயிற்சி பெற்றவர், பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவர், எச்சரிக்கையைப் படித்தும் கவனக்குறைவாக நடந்துகொண்டார், ஆகவே வைத்தியத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. என்னை நேரில் கூப்பிட்டு, உங்களவிட மூணு மார்க் அதிகம் வாங்கினவங்கம்மா, எட்டு வகைச் சொல்லும் தெரிஞ்சவங்களுக்கு ஒரு லேபிள் படிக்கத் தெரியாதா என்றார். அவர் கையில் இருந்தது என் எழுத்து.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் சொன்னேன், அக்கா, உண்மையைச் சொல்லிடறேன், நீங்க வகுப்புக்கே வரலன்னு சொன்னா அவங்க காகிதம் செல்லாது என்று. கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, வகுப்புக்கு வரலன்னு மட்டும் சொல்லு, எழுதத் தெரியாதுன்னு சொல்லாத என்றாள். ரெண்டும் சேர்ந்துதான்க்கா வரும், பரீட்சை யாரு எழுதினதுன்னு கேப்பாங்களே என்றேன். இருமி முடித்துவிட்டு, அடியே, கண்ணு போனத ஊரே பாத்துருச்சு, இதையாவது மூடி வெச்சுக்கறேன் விடு என்றாள். விட்டுவிட்டேன் என்றுதான் அவளிடம் தலையாட்டினேன். தலையாட்டியது அவளுக்குத் தெரியாது என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். அவர் கத்தரியைத் துடைத்துக்கொண்டே, அவ மானத்தக் காப்பாத்தினா அவ வைத்தியம் போகும், வைத்தியத்தக் காப்பாத்தினா உன் வேலை போகும், எது போனாலும் வீட்டுக்குத்தானே வருவ, வா என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனிதர் உருப்படியாகப் பேசிய இரண்டாவது வாக்கியம், முதலாவது பெண் பார்க்க வந்தபோது.

போன வியாழக்கிழமை விசாரணை. தொழிலாளர் ஆபீஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார், மேனேஜர், சூப்பர்வைசர், நான். கையெழுத்தெல்லாம் நான் போட்டது, பரீட்சையும் நான் எழுதியது, அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். சூப்பர்வைசரிடம் கேட்டார்கள், அவர் தரையைப் பார்த்து, எனக்குத் தெரியாதுங்க என்றார். அதிகாரி அவள் வேலையில் சேர்ந்த பாரத்தை எடுத்து வருகைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தார். ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கேம்மா, அப்ப அவங்க போட்டதுதானே என்றார். மேனேஜர் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது. அதுவும் நான்தான் மேடம், பதினோரு வருஷமா நான்தான் என்றேன். தோழிக்காகப் பொய் சொல்றாங்க என்றார் மேனேஜர். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார். போட்டேன். இன்னொன்று என்றார், போட்டேன். ஐந்து முறை அவள் பெயரை எழுதினேன், கடைசி எழுத்துக்குக் கீழே நான் இழுக்கிற வால்வரைக்கும் அச்சு அசலாக இருந்தது. அதிகாரி அந்தத் தாளைப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, இவங்களுக்குப் பயிற்சி கொடுத்ததுக்கு ஆதாரம் இல்ல என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டார். வைத்தியம் நிர்வாகத்தின் தலையில்தான் விழும் என்று நினைக்கிறேன், உத்தரவு இன்னும் வரவில்லை.

என் வேலைக்கான உத்தரவு அங்கேயே வந்துவிட்டது. பொய்க் கையெழுத்துப் போட்டதால் நீக்கப்பட்டேன் என்று ஒரு காகிதம், பெற்றுக்கொண்டேன் என்று அடியில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பெயரை ஐந்து முறை அச்சு அசலாகப் போட்டவளுக்கு, என் பெயர் கோணிக்கொண்டு போனது. மேனேஜர் அதை வாங்கி என் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இது உங்களுதுதானா என்று கேட்டார்.

குண்டூசிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், எழுதத் தெரியாத சங்கதி லாண்டரி முழுக்கத் தெரிந்துவிட்டது என்பதை. என் குரல் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸிடம், அவளப் போகச் சொல்லுங்க, அவ சோப்பு வாசனை எனக்கு ஆகல என்றாள். தினமும் போகிறேன், வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். நர்ஸ் சொல்கிறாள், திட்டும்போது மட்டும் அவளுக்கு இருமல் வருவதில்லையாம்.

நீ வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, மறைக்க வேண்டாம், அவரும் வீட்டு மனிதர். அங்கே எந்த பாட்டிலைத் திறந்தாலும் படித்துவிட்டுத் திற, உனக்குத்தான் படிக்கத் தெரியுமே. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, அப்பாவின் சலூனில் துண்டு துவைக்க ஆள் வேண்டுமாம், இங்கிலீஷ் தெரிந்தவளுக்கு முன்னுரிமை என்கிறார். நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், யாருக்கும் பதிலாக யாரும் நிற்க வேண்டிய நிலைமை வராமல், நிறைய வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸுடைய போனில் கூப்பிட்டுப் பெரியம்மாவிடம் பேசு. உன் குரலைக் கேட்டால் பேசுவாள், என்னைத் திட்டுவாள், நீயும் கூடச் சேர்ந்து திட்டு. எனக்கு வேலை போனதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே, இன்னும் அவளுக்கு அது தெரியாது. தெரிந்தால் கோபத்தை விட்டுவிடுவாள். இப்போதைக்கு அவளை எழுப்பி உட்கார வைத்திருப்பது அந்தக் கோபம் ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா